இயல் 5: யார் செய்தார் என்பதை வினையே சொல்லும்

பள்ளிக்கூடத்தில் 'வந்தனன்' என்ற சொல்லைப் பிரித்துக்காட்டி மதிப்பெண் வாங்கியவர் ஸ்பானிஷ் வினைச்சொல்லைக் கண்டு மிரளக் காரணமே இல்லை. வா பகுதி, வ ஆனது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. ஒரே சொல்லுக்குள் இத்தனை உறுப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஸ்பானிஷ் வினை சற்று எளிதாகவே தெரியும். பகுதி, இடைநிலை, விகுதி. பெரும்பாலும் அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வருகிறது. நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கில நூல்கள் வழியாகத்தான் கற்கிறோம். ஆங்கிலத்தில் பேசுவது நானோ நீயோ நாமோ அவர்களோ, வினை மாறாமல் அப்படியே நிற்கும். ஆகவே யார் பேசுகிறார் என்று சொல்ல முன்னால் ஒரு பெயரை நிறுத்தியே தீரவேண்டும். அந்த நூல்கள் பழக்கத்தை விடாமல் ஸ்பானிஷ் வினைக்கு முன்னாலும் 'யொ' (நான்), 'தூ' (நீ) என்று ஒவ்வொன்றையும் ஒட்டி அட்டவணை போட்டுவிடுகின்றன. அதை மனப்பாடம் செய்த தமிழர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'யொ, யொ' என்கிறார். கேட்பவர் காதில் அது 'நான்தான் பேசுகிறேன், நான்தான் சாப்பிடுகிறேன், நான்தான் வீட்டுக்குப் போகிறேன்' என்று விழும். 'பேசுகிறேன்' என்று மட்டும் சொன்னால் யார் என்று தமிழில் எவரும் கேட்பதில்லை. தோன்றா எழுவாய் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஸ்பானிஷிலும் அதுவே இயல்பு. இந்த இயல் முழுவதும் தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்குப் போவோம். நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி வண்டி மாறவேண்டாம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருளே மாறும். இந்நூலில் அழுத்தம் விழும் அசையை நெடிலிலும் மற்ற அசைகளைக் குறிலிலும் எழுதுகிறேன். ஓரசைச் சொற்களுக்கு இந்த விதி கிடையாது. உண்மையில் அது நீட்டல் இல்லை, அழுத்தல்தான்; ஆனாலும் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு உள்ள நம் எழுத்து இதற்கு வாகாக அமைந்துவிட்டது. 'அப்லார்' (பேசுதல்) என்பதில் வரும் ப்-ஐ 'கம்பி'யில் வருவதுபோல மெதுவாகச் சொல்லுங்கள். ஒலிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கு.

அகராதியில் வினைகள் மூன்று முடிவுகளில் ஒன்றோடு நிற்கும்: ஆர், ஏர், ஈர். அப்லார் (பேசுதல்), கொமேர் (சாப்பிடுதல்), பிவீர் (வாழ்தல், குடியிருத்தல்). இந்த முடிவை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பகுதி. புதிதாக மொழிக்குள் வரும் வினைகள் பெரும்பாலும் முதல் வகையில்தான் சேர்கின்றன. ட்விட்டரில் எழுதுவதற்குத் 'துயித்தெயார்' என்று ஒரு வினை பிறந்தது, அதுவும் ஆர்தான். ஆகவே முதல் வகையில் கை பழகிவிட்டால் மொழியின் பெரும்பகுதி வசப்பட்டுவிடும்.

நிகழ்காலம் இப்படிப் போகும்: ஆப்லொ, பேசுகிறேன். ஆப்லஸ், பேசுகிறாய். ஆப்ல, பேசுகிறான் அல்லது பேசுகிறாள். அப்லாமொஸ், பேசுகிறோம். ஆப்லன், பேசுகிறார்கள். கொமேருக்கு: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென். பிவீருக்கு: பீவொ, பீவெஸ், பீவெ, பிவீமொஸ், பீவென். சற்று உற்றுப் பாருங்கள். 'ஒ' வந்தால் நான். 'ஸ்' வந்தால் நீ. 'மொஸ்' வந்தால் நாம். 'ன்' வந்தால் அவர்கள். எதுவும் ஒட்டாமல் உயிரோடு நின்றால் அவன், அவள், அது. இதில் 'ஒ' மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். ஸ், மொஸ், ன் மூன்றும் ஸ்பானிஷ் வினையின் எல்லாக் காலங்களிலும் கூடவே வரும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நிகழ்ந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் 'நீ'க்கு ஸ் வராது. அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழைவிட இங்கே ஒரு சலுகை உண்டு, ஒரு குறையும் உண்டு. இரண்டும் ஒன்றேதான்: விகுதியில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் வேறுபாடு கிடையாது. 'ஆப்ல' என்றால் அவனா, அவளா, கிளியா என்று சொல் காட்டாது. பேச்சின் போக்கில் விளங்காத இடத்தில் மட்டும் 'எல்' (அவன்) அல்லது 'ஏய' (அவள்) என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்மறையில் கிடைப்பது பெரிய சலுகை. தமிழில் 'பேசவில்லை, பேச மாட்டேன், பேசாதே' என்று வினையே உருமாறுகிறது. ஸ்பானிஷில், 'பேசாதே' போன்ற ஏவலைத் தவிர மற்ற இடங்களில், முன்னால் ஒரு 'நொ' போட்டால் போதும். நொ கோமொ கார்னெ: இறைச்சி சாப்பிடுவதில்லை. சைவ உணவுக்காரர்கள் மெக்சிகோவிலோ மாட்ரிட்டிலோ இறங்குவதற்கு முன் கற்க வேண்டிய முதல் வாக்கியம் இது. கூடவே 'நொ கோமொ பெஸ்காதொ' என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம் என்றவரின் தட்டில் மீன் வந்து உட்காருவது அங்கே சாதாரணம்.

மரியாதைக்கு 'உஸ்தேத்' என்று ஒரு 'நீங்கள்' இருக்கிறது. அதற்கு முன்னிலை விகுதி வராது, படர்க்கை விகுதி வரும்: உஸ்தேத் ஆப்ல. 'தங்கள் அருள்' என்று பொருள்படும் பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உஸ்தேத் ஆனது. 'ஐயா என்ன நினைக்கிறார்கள்?' என்று எதிரில் இருப்பவரையே படர்க்கையில் கேட்கும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால் இது விநோதமாகத் தோன்றாது. பன்மைக்கு உஸ்தேதெஸ், ன் விகுதியுடன்.

ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரைச் சேர்த்து அழைக்க 'பொசோத்ரொஸ்' என்று தனியாக ஒன்று உண்டு: அப்லாயிஸ், கொமேயிஸ், பிவீஸ். லத்தீன் அமெரிக்காவில் அது பேச்சில் இல்லை. அங்கே எல்லோருக்கும் உஸ்தேதெஸ்தான். நீங்கள் போகப்போவது பெரு, மெக்சிகோ, கொலம்பியா என்றால் இந்த ஆறாவது வடிவத்தைக் கண்ணால் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். வாயால் பழகுவது வீண் வேலை. ஆறையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். தேர்வுக்குப் படிப்பவர் அவர்கள் சொல்படியே செய்யட்டும்.

தமிழருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கில நூல்கள் இதைச் சொல்லாது. நாம் வழக்கமாகச் செய்வதை எதிர்கால வடிவில் சொல்கிறோம். 'காலையில் இட்லிதான் சாப்பிடுவேன்', 'அவர் நன்றாகப் பாடுவார்'. இதே நினைப்பில் ஸ்பானிஷ் எதிர்காலத்தைப் போட்டால் வழக்கம் வாக்குறுதியாகிவிடும். 'கொமெரே' என்றால் இனிமேல் சாப்பிடுவேன். வழக்கத்துக்கு நிகழ்காலமே சரி: கோமொ. பாடுவார் என்பதற்கும் 'கான்த'தான். வாயில் 'வேன், வார்' வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, நாளைக்கா, தினமுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்காலத்துக்கு நமக்குக் குறுக்குவழியே இருக்கிறது. 'சாப்பிடப் போகிறேன்' என்கிறோம் அல்லவா? அதே கட்டுமானம் ஸ்பானிஷில் அப்படியே உண்டு: போய் அ கொமேர். 'போய்' என்பது ஈர் (போதல்) என்ற வினையின் 'போகிறேன்'. நம் 'போய்' காதில் விழுந்த மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொள்ளலாம். உறவு ஒன்றும் இல்லை, முதல் ஒலியும் 'கம்பி'யின் ப. ஆனால் மறக்காது. போய், பாஸ், பா, பாமொஸ், பான். இந்த ஐந்தோடு 'அ' சேர்த்து, பின்னால் எந்த வினையையும் அகராதி வடிவிலேயே வைத்துவிடலாம். பாமொஸ் அ அப்லார், பேசப் போகிறோம். பா அ யொவேர், மழை பெய்யப் போகிறது. அன்றாடப் பேச்சில் எதிர்காலத்தை ஸ்பானிஷ்காரர்களே பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. யாராவது கூப்பிட்டால் நாம் 'இதோ வர்றேன்' என்போம். அங்கே 'யா போய்' என்பார்கள்: இதோ போகிறேன். பேசுபவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி வந்தால் மட்டுமே 'வா'. 'பேங்கொ' (வருகிறேன்) என்று நீங்கள் பதில் சொன்னால் கூப்பிட்டவர் ஒரு வினாடி குழம்புவார்.

துணைவினை விஷயத்திலும் இதே அதிர்ஷ்டம்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்: எஸ்தோய் கொமியேந்தொ. சாப்பிட்டிருக்கிறேன்: எ கொமீதொ. முதன்மை வினை அசையாமல் நிற்க, துணைவினை மட்டும் விகுதி ஏற்கிறது. தமிழிலும் 'இரு'தானே இருக்கிறேன், இருக்கிறாய் என்று மாறுகிறது? 'எ கொமீதொ'வில் வரும் துணைவினை அவேர். அதன் நிகழ்காலம் எ, அஸ், அ, ஏமொஸ், அன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பானிஷின் தனி எதிர்காலம் இந்த அவேர் ஒட்டிப் பிறந்ததுதான். அப்லார் + எ = அப்லரே, பேசுவேன். அப்லார் + அஸ் = அப்லராஸ். அப்லார் + அ = அப்லரா. அப்லரேமொஸ், அப்லரான். லத்தீன் மக்கள் பேச்சில் 'பேச இருக்கிறேன்' என்பதுபோல் இரண்டு சொல்லாக இருந்தது காலப்போக்கில் ஒரு சொல்லாக இறுகியது. நாம் இன்னும் 'பேசவிருக்கிறேன்' என்று தையல் தெரிய எழுதுகிறோம். 1492இல் வெளிவந்த தன் காஸ்தீலிய இலக்கணத்தில் அந்தோனியோ தெ நெப்ரீஹா இந்தச் சேர்க்கையைக் குறித்திருக்கிறார். இது தெரிந்தால் எதிர்காலத்துக்கென்று தனி அட்டவணை வேண்டாம். ஆர், ஏர், ஈர் எதையும் வெட்டாமல் அப்படியே வைத்து அவேரை ஒட்டிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வினைகள் மட்டும் ஒட்டும் இடத்தில் நசுங்கும்: தெனேர் (உடைமை கொள்ளல்) தெந்த்ரே ஆகும், அசேர் (செய்தல்) அரே ஆகும்.

இப்போது எல்லோரும் புலம்பும் பகுதிக்கு வருவோம்: ஒழுங்கற்ற வினைகள். பலர் நினைப்பதைவிட இவற்றில் ஒழுங்கு அதிகம். பொதேர் (முடிதல்) என்ற வினையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ப்வேதொ, ப்வேதெஸ், ப்வேதெ, பொதேமொஸ், ப்வேதென். நான்கு இடத்தில் 'பொ' உடைந்து 'ப்வே' ஆகிறது. 'நாம்' என்ற இடத்தில் மட்டும் உடையவில்லை. ஏன்? நெடிலைப் பாருங்கள். 'பொதேமொஸ்' என்பதில் அழுத்தம் தே-க்குப் போய்விட்டது. பழைய லத்தீனின் குறில் ஒகரமும் எகரமும் அழுத்தம் தாங்கும்போது ஸ்பானிஷில் இரண்டாகப் பிளந்தன, தாங்காதபோது பிழைத்தன. வினையில் மட்டும் இல்லை, மொழி முழுக்க இது நடந்திருக்கிறது: ஒன்பது 'ந்வேவெ', தொண்ணூறு 'நொவேந்த'. அழுத்தம் நகர்ந்ததும் 'வே' மறைந்துவிட்டது.

இந்த விதி உண்மைதானா என்று சோதிக்க அர்ஜென்டினாவுக்குப் போகலாம். அங்கே 'தூ'வுக்குப் பதில் 'பொஸ்' என்கிறார்கள். அதற்கு அழுத்தம் கடைசி அசையில். அப்லாஸ், கொமேஸ். அப்படியானால் பொதேர் உடையக்கூடாது. உடைவதில்லை: பொஸ் பொதேஸ். தெனேரும் அப்படித்தான். தூ வழங்கும் இடங்களில் 'தூ தியேனெஸ்', புவனோஸ் ஐரெஸில் 'பொஸ் தெனேஸ்'. பல ஒழுங்கற்ற வினைகள் பொஸ் கூடவந்தால் சமர்த்தாகிவிடுகின்றன. தொடங்குபவர்களை அர்ஜென்டினாவுக்கு அனுப்ப இது ஒன்றே போதிய காரணம்.

எந்த வினை உடையும், எது உடையாது என்று அகராதி வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொதேர் உடைகிறது, கொமேர் உடைவதில்லை. அதனால் புதிய வினையை நோட்டில் ஒற்றையாக எழுதாதீர்கள். மூன்று வடிவமாக எழுதுங்கள்: அகராதி வடிவம், 'நான்' நிகழ்காலம், 'நான்' இறந்தகாலம். தெனேர், தேங்கொ, தூவெ. அசேர், ஆகொ, ஈசெ. தெசீர் (சொல்லுதல்), தீகொ, தீஹெ. பெனீர் (வருதல்), பேங்கொ, பீனெ. பொதேர், ப்வேதொ, பூதெ. தமிழ் கற்கும் வெளிநாட்டவரிடம் 'வா, வருகிறேன், வந்தேன்', 'கேள், கேட்கிறேன், கேட்டேன்' என்று சேர்த்துக் கற்கச் சொல்வோமே, அதே முறை. இம்மூன்றும் தெரிந்தால் மீதி பெரும்பாலும் தானே வரும்.

எடுத்துக்காட்டாக, மூன்றில் நடுவில் நிற்கும் 'நான்' வடிவத்திலிருந்து வியங்கோள் கிடைக்கிறது. கடைசி ஒ-வை எடுத்துவிட்டு எதிர் வகையின் உயிரைப் போட வேண்டும். ஆர் வகைக்கு எ, மற்ற இரண்டுக்கும் அ. பீவொ, பீவ: வாழ்க! கூட்டங்களில் முழங்கும் அந்த 'பீவ'வும் நம் 'வாழ்க'வும் ஒரே வேலையைச் செய்கின்றன. தீகொ, தீக: சொல்லுங்கள். ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் 'தீக' என்பார்கள். நாம் 'சொல்லுங்க' என்று எடுப்பதுபோலவே. இவ்வடிவத்துக்கு இன்னும் பல வேலைகள் உண்டு. 'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' போன்ற வாக்கியங்களுக்கு இதுதான் வரும். அதற்குத் தனி இயல் வேண்டும், 9இல் பார்ப்போம்.

இனி இறந்தகாலம். இங்குதான் நின்று நிதானமாகப் போகவேண்டும். ஸ்பானிஷில் அது இரண்டு.

ஒன்று, நடந்து முடிந்ததைச் சொல்வது. அப்லே (பேசினேன்), அப்லாஸ்தெ, அப்லோ, அப்லாமொஸ், அப்லாரொன். கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன். 'நீ'க்கு ஸ் இல்லாத இடம் இதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆப்லொ என்றால் நான் பேசுகிறேன். அப்லோ என்றால் அவன் பேசினான். எழுத்து அதே, அழுத்தம் மட்டும் நகர்ந்தது. ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. எல்லா அசையையும் சம கனத்தில் உச்சரிக்கும் நம் பழக்கம் இந்த இடத்தில்தான் காலை வாரும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், வீட்டில் இருப்பவர்கள் விநோதமாகப் பார்த்தாலும் பரவாயில்லை. 'மூன்று வடிவம்' என்று எழுதிவைத்தவற்றில் தூவெ, ஈசெ போன்றவை இதற்கு நேர் எதிர்: அழுத்தம் பகுதியிலேயே நிற்கும். அவன் வைத்திருந்தான் 'தூவொ', அவன் செய்தான் 'ஈசொ'.

இரண்டாவது இறந்தகாலம், நடந்துகொண்டிருந்ததையும் வழக்கமாக நடந்ததையும் சொல்வது. அப்லாவ, அப்லாவஸ், அப்லாவ, அப்லாவமொஸ், அப்லாவன். பகுபதமாகப் பிரித்தால் பளிச்சென்று தெரியும்: அப்ல் + ஆவ + மொஸ். ஆவ இடைநிலை, மொஸ் விகுதி. மற்ற இரு வகைக்கும் இடைநிலை ஈய: கொமீய, கொமீயஸ், கொமீயமொஸ். விதியை மீறுபவை மூன்றே மூன்று வினைகள்தான். செர் (ஆதல்) ஏர ஆகும், ஈர் (போதல்) ஈவ ஆகும், பெர் (பார்த்தல்) பெயீய ஆகும். 'நான்' என்பதற்கும் 'அவன்' என்பதற்கும் ஒரே வடிவம் என்பதால், இங்கு மட்டும் தேவைப்பட்டால் 'யொ' போடுங்கள்.

எப்போது எது? நூல்கள் பக்கம் பக்கமாக விதி சொல்லும். தமிழருக்கு ஒரு சோதனை போதும். 'கொண்டிருந்தேன்' என்று சொல்ல வாய் வருகிறதா? அல்லது 'அப்போதெல்லாம் ஆற்றுக்குப் போவோம், மாங்காய் அடிப்போம்' என்று பழங்கதைக்கு எதிர்கால வடிவம் வருகிறதா? இரண்டில் எது வந்தாலும் ஆவ, ஈய. வெறும் 'போனோம், அடித்தோம்' என்று வந்தால் முதல் இறந்தகாலம். பழைய வழக்கத்துக்கு நாம் 'போவோம்' என்று சொல்வது எத்தனை பெரிய கைவிளக்கு என்பது ஸ்பானிஷ் படிக்கும்போதுதான் தெரியும்.

சோதனை தடுமாறும் இடம் ஒன்று: இரு, தெரி, பிடி போன்ற நிலையைச் சொல்லும் வினைகள். 'எனக்குத் தெரியும்' என்பதில் தமிழில் காலமே தெளிவாக இல்லை. ஸ்பானிஷில் சவீய என்றால் ஏற்கனவே தெரிந்திருந்தது. சூப்பெ என்றால் அப்போதுதான் தெரியவந்தது. நிலைக்கு ஈய, நிலை மாறிய கணத்துக்கு முதல் இறந்தகாலம்.

ஒரு சின்னக் கதையில் இரண்டும் வேலை செய்வதைப் பார்க்கலாம். 'ஏர தொமீங்கொ. யொவீய. மி அப்வேல கொசினாவ, யொ லெயீய. சொனோ எல் தெலேஃபொனொ. ஏர மி தீயொ. தீஹொ கெ பெனீய.' தமிழில்: ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டி சமைத்துக்கொண்டிருந்தாள், நான் படித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. மாமாதான். வருவதாகச் சொன்னார். முதல் மூன்று வாக்கியங்களிலும் எதுவும் முடியவில்லை. ஞாயிறும் மழையும் சமையலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 'சொனோ' என்று அழுத்தம் கடைசியில் விழுந்ததும் கதை நகர்கிறது. இதே வினை நிகழ்காலத்தில் 'ஸ்வேன'. அழுத்தம் பகுதியில் இருப்பதால் உடைந்திருக்கிறது. சொனோவில் உடையவில்லை. தமிழில் 'ஞாயிற்றுக்கிழமை', 'மாமாதான்' என்று வினையே இல்லாமல் முடித்துவிட்டோம். ஸ்பானிஷில் அந்த இரண்டு 'ஏர'வும் இல்லாவிட்டால் வாக்கியமே இல்லை. 'நான் டாக்டர்' என்று நாம் நிறுத்துவோம்; அங்கே 'சோய்' வேண்டும்.

பிடிப்பதையும் வலிப்பதையும் பற்றி இரண்டே வரி. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பது 'மெ கூஸ்த எல் கஃபே'. எனக்கு, பிடிக்கிறது, காப்பி. ஆங்கிலம் வழியே வருபவர்கள் 'நான்' என்பதை எழுவாயாக்கப் பார்த்து வாரக்கணக்கில் திண்டாடும் இடம் இது. நமக்குப் பாடமே தேவையில்லை. பிடிக்கும் பொருள் பலவானால் வினையும் பன்மையாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: மெ கூஸ்தன் லொஸ் மாங்கொஸ். மெ த்வேலெ ல கவேச, தலை வலிக்கிறது.

பழகும் விதம். அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பதால் ஒப்பிக்கத்தான் வரும். யாராவது 'கோமென்?' என்று கேட்டால், மனம் கோமொவிலிருந்து படி இறங்கிவந்து பதில் தேடும். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அதைவிடக் கேள்வி பதிலாகப் பழகுங்கள். உங்களை நீங்களே ஸ் போட்டுக் கேளுங்கள், ஒ போட்டுப் பதில் சொல்லுங்கள். ஆப்லஸ் எஸ்பன்யோல்? ஆப்லொ உன் போக்கொ (கொஞ்சம்). தோந்தெ (எங்கே) பீவெஸ்? பீவொ என் மதுரை. ன் போட்டால் மொஸ் போட்டுப் பதில். உண்மையான பேச்சில் இந்த இரண்டு ஜோடிகள்தான் ஓயாமல் வந்துபோகும்.

கிறிஸ்டோபர் கென்ட்ரிஸின் '501 ஸ்பானிஷ் வெர்ப்ஸ்' பல பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் படிக்காதீர்கள். அகராதிபோல் சந்தேகம் வந்தால் புரட்டத்தான் அது. அதுகூட வேண்டாம் என்பவர்களுக்கு, 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எந்த வினையைத் தேடினாலும் அதன் வடிவங்கள் முழுவதும் வரும். அவர்கள் காட்டும் பட்டியலில் பொசோத்ரொஸும் இருக்கும், யாரும் பேசாத சில காலங்களும் இருக்கும். கண்ணை ஓட்டிவிட்டு, உங்களுக்கு வேண்டிய மூன்று வடிவங்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சி: மேலே சொன்ன கதையில் படித்துக்கொண்டிருந்தது நான் மட்டுமல்ல, நாங்கள் என்று மாற்றுங்கள். தொலைபேசியில் பேசியது மாமா மட்டும் இல்லை, மாமாவும் அத்தையும் ('மிஸ் தீயொஸ்' என்றால் இருவரும் அடக்கம்). மழையும் பாட்டியும் அப்படியே இருக்கட்டும். எழுதிய பிறகு சரிபார்க்க: லெயீயமொஸ், ஏரன் மிஸ் தீயொஸ், திஹேரொன் கெ பெனீயன். 'சொனோ' மாறக்கூடாது, அடித்தது ஒரு தொலைபேசிதான்.